குளத்தில் இறக்கிய தாள்கள்

எனக்கு எண்பத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பேரை. பெற்றது ஐந்து, கொழுந்தனார் மௌத்தாகி, தகப்பன் இல்லாமல் போன அவர் பிள்ளைகள் இரண்டு. ஏழு பேருக்கும் ஒரே தட்டில்தான் சோறு போட்டேன். யாரும் சோடை போகவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

படிப்பு என்றால், தமிழ் மூன்றாம் வகுப்போடு நின்றது. அரபு எழுத்தை ஓதத் தெரியும், பொருள் தெரியாது. எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் என் நாலாவது மகள் பொருளும் கற்றாள். ஊரில் பெண்கள் அரபுக் கல்லூரி, பிறகு மெட்ராஸில் எம்.ஏ., பிறகு கல்யாணமாகி அமெரிக்கா போய் அங்கேயும் அரபுதான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவள் படிப்பு முடிகிற நேரத்தில், சமைத்துப் போட நான் போனேன். ஆறு மாத விசா.

ஊர் பெயர் மான்மவுத் ஜங்ஷன். நியூஜெர்சியில் இருக்கிறது. ஜங்ஷன் என்கிறார்களே என்று பார்த்தால் ரயில் போகிறதே தவிர நிற்பதில்லை. மாடியில் இரண்டு அறை வீடு, பின்னால் மழைத்தண்ணீர் தேங்குகிற ஒரு குளம், குளம் முழுக்கப் பெரிய வாத்துகள். எங்கள் பக்கம் கல்யாணம் ஆனாலும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். அதனால் மகள் இருக்கிற வீடு என் வீடு என்ற நினைப்பு எனக்கு அங்கேயும் போகவில்லை. வந்த மறுநாளே அலமாரியை எல்லாம் மாற்றி அடுக்கினேன்.

மகள் ஆராய்ச்சி செய்தது ஒரு மனிதரைப் பற்றி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பக்தாதில் இருந்தவர். பாட்டு எழுதினவர்கள், பாடினவர்கள், எந்தப் பாட்டுக்கு வாத்தியத்தின் எந்த நரம்பில் எந்த விரல், யார் யாரிடம் கற்றார்கள் என்று எல்லாவற்றையும் தேடித் தேடி எழுதி வைத்தவராம். பாடுகிறவர் வீட்டுக்கு வெளியே குந்திக்கொண்டு, பாட்டு முடிந்ததும் கதவைத் தட்டி, "இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்பாராம். விரட்டினாலும் போக மாட்டாராம். இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் சங்கிலி போட்டுத்தான் எழுதுவாராம். அது எனக்குப் பிடித்திருந்தது.

"அந்த ஆலிம் தொழுகை எல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"ஆலிம்னு சொன்னா அவரே சிரிச்சிருவாரு உம்மா. பாதிக்கு மேல சாராயப் பாட்டு" என்றாள் மகள்.

மாப்பிள்ளை பக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வேலை அவருக்கு, எங்கள் ஊர்ப் பையன்தான். "மாமி, ஒங்க மவ கட்டிக்கிட்டது என்னை இல்ல, அந்த பக்தாது கிழவரைத்தான். நான் சும்மா டிரைவர்" என்றார்.

அந்த மனிதரின் கடைசிக் காலத்தில்தான் வழக்கு. ஒரு மந்திரியிடம் எழுத்தராக இருந்திருக்கிறார். மந்திரி வீழ்ந்ததும் இவருக்கும் வேலை போயிற்று. பிறகு அடுத்தவர் கிதாபுகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் எழுதியதில் பெயர் போடாமல், "நான் நம்புகிற ஒரு பெண் சொன்னாள்" என்று சில பாட்டுகள் வருகின்றன. அப்படி ஒரு பெண்ணே கிடையாது, கிழவர் இட்டுக்கட்டினார் என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதிவிட்டார்கள். என் மகள் வேறு தேசத்து நூலகம் ஒன்றில் ஒரு பழைய பிரதியைப் பார்த்திருக்கிறாள். அதன் ஓரத்தில் அவருடைய மாணாக்கர் குறித்து வைத்திருந்தாராம்: அந்தப் பெண் துணி வெளுக்கிறவள், இளமையில் அரண்மனையில் பாடினவள் என்று. படம் எடுக்க விடமாட்டார்களாம். மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதி வந்தாள். நாற்பத்து மூன்று தாள்.

ஏப்ரல் கடைசியில் அவளுக்கு டிஃபென்ஸ். நான்கு பேராசிரியர்கள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதில் ஒருவர், "அந்தப் பிரதியை நீ மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நீ எழுதி வந்த தாள்களை நான் என் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். ஜூனில் மாப்பிள்ளைக்கு டெக்சாஸுக்கு, ரிச்சர்ட்சனுக்கு, மாற்றல். இந்த முறை தவறினால் பட்டம் இல்லை. ஆறு வருஷம் வீண்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அரபு எழுத்து உள்ள தாள் காலில் படக் கூடாது, குப்பையில் விழக் கூடாது. இது எங்கள் வீடுகளில் பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை. கிழிந்தது, மக்கியது எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் சேர்த்து உயரத்தில் தொங்கவிடுவோம். நிறைந்ததும் ஆண்கள் தோணியில் கொண்டுபோய், ஆறு கடலில் சேர்கிற இடத்தில் கல் கட்டி இறக்கிவிட்டு வருவார்கள். மகள் வீட்டில் பார்த்தால் கம்பளம் முழுக்க அரபு எழுத்து. அவள் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள்.

"காலடியில போடாதே புள்ள."

"உம்மா, இது ஓதுற கிதாபு இல்ல."

"எழுத்து எழுத்துதான்."

"அப்ப அரபு நாட்டுல பேப்பர்ல மீன் கட்டிக் குடுப்பாங்களே, அவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"அவங்க வீட்டை அவங்க உம்மா பாத்துக்குவா."

ஒரு நாள் சமையல் குப்பையைக் கட்டப் போனேன். டீத்தூளுக்கு நடுவில் அரபு எழுத்து. கையைக் கழுவிக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்துத் துடைத்தேன். ஒரு வெள்ளைத் தலையணை உறையைத் துணி அலமாரியில் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து அவள் கசக்கிப் போடுவதை எல்லாம் அதில் சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. என் வீட்டில் நான் செய்வதை யாரிடம் கேட்க வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை, மேசைக்குக் கீழே, குப்பைக் கூடையோடு ஒட்டி ஒரு மஞ்சள் உறை கிடந்தது. ஓரம் கிழிந்து, மேலே டீ கோப்பை வைத்த வட்டம். உள்ளே தாள்களில் அடித்தல் திருத்தல். உச்சரிப்புக்காக மேலும் கீழும் கோடு போட்ட எழுத்துதான் எனக்கு ஓத வரும். அவள் எழுதியதில் கோடு இல்லை. வேண்டாததைக் கூடையில் எறிந்து தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உறையை மட்டும் கூடையில் போட்டேன், அதில் எழுத்து இல்லையே. தாள்கள் தலையணை உறைக்குள் போயின. அது நிறைந்துவிட்டது.

புதன்கிழமை வெயில் அடித்தது. கை கால் முகம் கழுவி உளூச் செய்தேன். கார் நிறுத்துகிற இடத்து ஓரத்திலிருந்து நாலு கல் பொறுக்கி உள்ளே போட்டு வாயைக் கட்டினேன். துப்பட்டியைப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனேன். வாத்துகள் கத்தின. பிஸ்மி சொல்லி, கை நீட்டி, மெதுவாக இறக்கினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வந்து சோறு வடித்தேன்.

வியாழக்கிழமை காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"உம்மா, மேசை மேல மஞ்ச ஃபோல்டர் ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"எந்த மஞ்சள்?"

"பழசு. ஓரம் கிழிஞ்சிருக்கும். உள்ளதான் அந்த நாப்பத்து மூணு தாளும்."

கத்தி கையிலேயே நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். பயந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஏழு பேரை வளர்த்தவளை, அதில் ஒருத்தி நிற்க வைத்துக் கேள்வி கேட்பதா என்ற திமிர். "ஒன் காகிதத்தை நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதற்குக் காவல் இருக்க வேண்டியதாயிற்று.

மெத்தையைப் புரட்டினாள். காரின் சீட்டுகளைத் தூக்கினாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். நானும் கூடவே தேடினேன். இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: இல்லை என்று எனக்குத் தெரிந்த இடங்களில் அவளோடு குனிந்து குனிந்து தேடினேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாக்கிழமை குப்பையை எடுத்துட்டுப் போனது யாரு?"

"நான்தான்."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"குப்பைய யாரு செக் பண்ணுவா?"

"ஒங்களுக்கு எல்லாமே குப்பைதான். ஆறு வருஷமும் குப்பை."

அவர் எழுந்தார். ஆபீஸ் சட்டையோடு கீழே போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அபார்ட்மெண்டுக்கு எல்லாம் பொதுவான பெரிய இரும்புத் தொட்டி, ஆள் உயரம் இருக்கும். அதற்குள் ஏறி இறங்கி, ஒவ்வொரு பையாக அவிழ்த்துப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்துக் கையில் அந்த மஞ்சள் உறையோடு வந்தார். வெறும் உறை. சட்டைக் கையில் தயிர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் மகள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு முன்னால் மாமி குரலை உயர்த்தமாட்டாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தால்கூடச் சொம்பைத் துடைத்துக் கொடுப்போம். அந்த மாப்பிள்ளை என் பொய்க்காகக் குப்பைத்தொட்டியில் ஏறியிருக்கிறார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்தார். பக்கத்து அறையில் மகள் மெட்ராஸிலிருக்கும் தன் ராத்தாவுக்கு, என் மூத்த மகள் ஒருத்திக்கு, ஃபோன் செய்து, "அவருதான் தூக்கிப் போட்டுட்டாரு ராத்தா" என்று சொல்வது இரண்டு பேருக்கும் கேட்டது.

சனிக்கிழமை அவள் மறுபடி ஆரம்பித்தாள். தாள் இல்லாமல் உறை மட்டும் எப்படிக் கிடைக்கும், மற்றது எங்கே, ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்று. அவர், "ஆமா. நான்தான் போட்டேன். காகிதத்தைத் தனியா ரீசைக்கிள்ல போட்டேன். அது லாரியில போயிருச்சு. போதுமா?" என்றார்.

நான் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் எடுக்க வந்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாமி, புதன்கிழமை நான் மத்தியானம் சாப்பிட வந்தேன். காருலேர்ந்து இறங்கும்போது குளத்துக்கிட்ட ஒங்க வெள்ளைத் துப்பட்டியப் பாத்தேன். கையில பை இருந்துச்சு. விடுங்க. டெக்சாஸ் போனா எல்லாம் மறந்துரும்."

ஒருவரும் என்னை அந்த மாதிரி அடித்ததில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். "விடுங்க" என்கிறார். யாருக்கும் கடன்படாமல் தலை நிமிர்ந்து வாழ்ந்தவள், என் மகளை ஏமாற்றி, மருமகன் போட்ட பொய்க்குள் ஒளிந்து நிற்கிறேன்.

ஞாயிறு காலை மகள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். "என்ன எழுதுறே?" என்று கேட்டேன்.

"டிஃபென்ஸ் வேணாம்னு ப்ரொஃபசருக்கு மெயில் பண்றேன் உம்மா. தாள் இல்லாம போய் உக்காந்தா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும். நானே விலகிக்கிட்டா மரியாதை."

"அனுப்பாதே."

"ஏன்?"

"மாப்பிள்ளை போடலை. நான்தான் எடுத்தேன். கல் கட்டிக் குளத்துல இறக்கிட்டேன். புதன்கிழமை."

அவள் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் இறக்கினீங்க?"

மூன்று பேரும் போனோம். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். சுருட்டியது எதற்கு என்று தெரியவில்லை, இடுப்பு வரை நனைந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. நான் கரையிலிருந்து, "இன்னும் வலது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, காலால் துழாவினார். வாத்து ஒன்று அவரைக் கொத்த வந்தது. மகள் அதைச் செருப்பால் விரட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை குனிந்தபோது தலையணை உறை சேறாக வந்தது.

அவிழ்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணில் பட்டதெல்லாம் நீலக் கஞ்சி. அது அவள் வீட்டில் பேனாவால் எழுதிக் கசக்கிப் போட்டது. மகள் விரலால் அதை ஒதுக்கி ஒதுக்கி நடுவிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தாள். எழுத்து இருந்தது. அந்த நூலகத்தில் பேனாவை உள்ளே விடமாட்டார்களாம், பழைய கிதாபில் மை சிந்திவிடும் என்று. நாற்பத்து மூன்று தாளும் பென்சில்.

அன்று முழுக்க ஒட்டிக்கொண்ட தாள்களை மகள் தோசைத் திருப்பியால் பிரித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு துணிக்கு நடுவில் வைத்து நான் மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டேன். மாப்பிள்ளை எண்ணினார். முப்பத்தெட்டு தாள் படிக்கிற மாதிரி தேறியது. ஐந்து தாள் பிரிக்கப் பிரிக்கக் கூழாகப் போயிற்று. அந்த வெளுக்கிற பெண்ணைப் பற்றிய குறிப்பு தேறியது. அவள் பாடியதாகச் சொன்ன பாட்டு இருந்த தாள் தேறவில்லை. அது மகளின் உள்ளங்கையில் உருண்டையாக இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள். "இதை நீங்களே வச்சிக்குங்க உம்மா" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வந்த புதன்கிழமை டிஃபென்ஸ். கல்லூரிக் கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்திருந்தோம். மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்து ரொட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். பொட்டலம் பிரிபடவில்லை. இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று.

"மாப்பிள்ளை, பேரை நான் கெடுத்துட்டேன்" என்றேன். இந்த விஷயத்தை அவரிடம் நான் நேராகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"யாரு பேரை மாமி?"

"ஒங்க பேரை."

"எனக்கு பேரு எப்ப இருந்துச்சு, கெடுக்கிறதுக்கு? நான் டிரைவர்தானே."

கதவு திறந்து மகள் வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு சொன்னாள்.

அந்தப் பேராசிரியர் அலை அலையாகச் சுருங்கிய தாள்களைக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இவள் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். ஒருவர் சிரித்தாராம். கேட்டவர் சிரிக்கவில்லையாம். அந்தப் பெண் இருந்தாள் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் பாட்டு இருந்த தாள் எங்கே என்றார். "பார்த்தேன், எழுதினேன், தொலைந்தது, இப்போது ஞாபகத்திலிருந்து சொல்கிறேன்" என்று இவள் சொல்லிக் காட்டினாள். அவர், பாட்டை நடுவிலிருந்து எடுத்துக் கடைசியில் தனியாகப் போடு, இதற்குச் சான்று இல்லை என்று எழுது, அப்படியானால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம்.

"போட்டாரா?" என்றார் மாப்பிள்ளை.

"போட்டாரு. நாலு பேரும் போட்டாங்க."

"பின்ன என்ன புள்ள?" என்றேன் நான்.

"பட்டம் வந்துருச்சு உம்மா. அந்தப் பாட்டுதான் இனிமே சந்தேகம்."

அந்த நூலகத்துக்கு அவளால் மறுபடி போக முடியவில்லை. ரிச்சர்ட்சனுக்குக் குடிபோனார்கள், பிள்ளை பிறந்தது, வேலை வந்தது. புத்தகமாக வந்தபோதும் அந்தப் பாட்டு கடைசியில் தனியாகத்தான் இருந்தது. அது என் கைவேலை. எழுத்துக்கு மரியாதை செய்ததற்கு நான் வருந்தவில்லை, இன்றைக்கும் காலடியில் கிடந்தால் எடுப்பேன். கேட்காமல் எடுத்ததற்கும், தொடவே இல்லை என்று சொன்னதற்கும் வருந்துகிறேன். மகளிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களுக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அன்று மெட்ராஸுக்குப் போன ஃபோன் ஊர் முழுக்கப் போய்விட்டது. பொண்டாட்டி ஆராய்ச்சியைக் குப்பையில் போட்ட மாப்பிள்ளை என்று கல்யாண வீடுகளில் பேசிச் சிரித்தார்கள். "இவருகிட்ட கல்யாணப் பத்திரிகையக் குடுக்காதீங்க, ரீசைக்கிள் பண்ணிருவாரு" என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். மகள் திருத்த வாயெடுத்தால் கண்ணைக் காட்டி நிறுத்துவார். நான் அதே பந்தியில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. இருபத்தைந்து வருஷம்.

மாப்பிள்ளை போடவில்லை. நான்தான் இறக்கினேன். என் மற்ற நாலு பிள்ளைகளும், வளர்த்த இரண்டு பேரும், அவர்கள் பெற்றவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதோ, இந்த ரிச்சர்ட்சன் வீட்டுக்கு மாப்பிள்ளையின் மகள், என் பேத்தி, வேலையிலிருந்து வந்துவிட்டாள். ஞாயிறு வகுப்பில் படித்த தமிழ், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "வாட் இஸ் திஸ், உம்மம்மா?" என்கிறாள். இங்கே உட்காரு கண்ணு. ஒன் வாப்பா உள்ளே தொழுதுவிட்டு வரட்டும், அதுவரை பொறு. வந்ததும் சத்தமாகப் படி. நான் எங்கேயாவது என்னைக் காப்பாற்றி எழுதியிருந்தால் அவருக்குத் தெரியும்.